மூலத்துக்குப் பக்கத்தில், மூலம் தெரியாத ஒளி: டர்பனிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆடி அமாவாசை அன்று ராத்திரி 9 மணி வாக்கில் ஒரு பாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் மல்லாந்து படுத்துவிடுங்கள். தெற்கு, வடக்கு தேட வேண்டாம். நீங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்றால், பால்வீதியின் நடுமையம் உங்கள் நெற்றிக்கு நேர் மேலே நிற்கும். வானத்தில் அதன் இடம் தென் 29 டிகிரி. டர்பனின் அட்சரேகை தென் 29.9 டிகிரி. ஒரு டிகிரிகூட வித்தியாசம் கிடையாது. சென்னையில் இதே மையம் தெற்கே 48 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. 1860இல் மெட்ராஸிலிருந்து 'டுரூரோ' கப்பலில் இங்கே வந்து இறங்கியவர்களைக் கரும்பு வெட்டத்தான் கூட்டி வந்தார்கள். தலைக்கு மேலே இப்படி ஓர் இடம் கிடைக்கப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த மையத்தைச் சுற்றி, கணக்கில் வராத காமா கதிர் ஒளி இருப்பதாக 2009இல் முதலில் எழுதினார்கள். அது எங்கிருந்து வருகிறது என்பது இன்றும் முடிவாகவில்லை. இந்தச் சண்டையை வெளியில் நின்று வேடிக்கை பார்க்காமல், தரவை நாமே இறக்கி, கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. நான் வானியல் படித்தவன் இல்லை. டர்பனில் கடைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பவன். கணக்கெழுதுபவர்களுக்கு ஒன்று தெரியும்: ஏடு டேலி ஆகாவிட்டால், காரணம் தெரியும்வரை அந்த வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் ஒதுக்கி வைப்போம். பால்வீதி மையத்தின் மிகை ஒளி அப்படி ஒதுக்கி வைத்த தொகைதான். எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அதனால்தான்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கணினியை அப்புறம் திறக்கலாம். இடம் எது என்று கண்ணுக்குப் பழகாமல் தரவைத் தொட்டால், எண்கள் வெறும் எண்களாகவே இருக்கும்.

நம் நட்சத்திரப் பெயர்களே இங்கே நல்ல வழிகாட்டி. வானத்தில் தேளைக் கண்டுபிடியுங்கள். தலைப்பக்கம் அனுஷம், நடுவில் சிவப்பாகக் கேட்டை, சுருண்ட வாலின் நுனியில் மூலம். தேளுக்குக் கடல் பக்கமாக, அதாவது கிழக்கே, ஒரு தேநீர்க் கெண்டி மாதிரி எட்டு நட்சத்திரங்கள் தெரியும். பூராடமும் உத்திராடமும் சேர்ந்ததுதான் அந்தக் கெண்டி. இப்போது கையை முழுதாக நீட்டுங்கள். நீட்டிய கையில் முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. கெண்டியின் மூக்கிலிருந்து மலைப்பக்கமாக, அதாவது மேற்கே, மூன்று விரல் தள்ளுங்கள். அந்த இடம்தான். மூலத்திலிருந்து வந்தால் வடக்கே ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவு.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இதை ஒரு நாள் காட்டினேன். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் மிச்சம். "மூலமா? என் பேத்தி பொறந்த ஸ்டார் அதுதான்பா. ப்ரீஸ்ட் ப்ரேயர் வைக்கணும்னு சொன்னார், வச்சோம். அது மேலேயே இருக்கா?" என்றார். ஐந்து தலைமுறையாகப் பெயர் வைக்க எழுத்துக் கேட்கும்போதெல்லாம் காதில் விழுந்த ஒரு பெயரை, அன்றைக்குத்தான் முதன்முறையாக வானத்தில் பார்த்தார். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று ஊரில் சொல்லிப் பெண் பிள்ளைகளைப் படுத்திய பாட்டை நான் அவரிடம் சொல்லவில்லை. நட்சத்திரம் பாவம், அது என்ன செய்யும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மையம் உச்சிக்கு வருவது ஜூன் நடுவில் நள்ளிரவில், ஜூலை நடுவில் 10 மணிக்கு, ஆகஸ்ட் நடுவில் 8 மணிக்கு. ஆனால் ஆனி மாதப் பௌர்ணமியில் நிலவு கேட்டை, மூலம் பக்கமாகத்தான் வந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கோயிலில் தரும் காலண்டரில் அமாவாசையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் குளிர்காலம் மழையில்லாக் காலம் என்பதால் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டம் கொளுத்தும் நாட்களில் மட்டும் புகை கெடுக்கும். 2022, 2023 வருஷங்களில் மின்வெட்டுக்கு எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். எங்கள் தெருவில் நான் பால்வீதியைப் பார்த்ததும் அந்த இரண்டு மணி நேர இருட்டுகளில்தான். இப்போது வேண்டுமென்றால் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போக வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது மையம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மையம் சுமார் 26,700 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இடையில் இருக்கும் தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே விழுங்கிவிடும். லட்சம் கோடியில் ஒரு பங்கு தப்பி வந்தால் அதிகம். ரேடியோ அலை, அகச்சிவப்பு, எக்ஸ்ரே, காமா இவை தாண்டி வரும்.

எந்த ஒளியைப் பற்றிப் பேசுகிறோம்?

கண்ணுக்குத் தெரியும் ஓர் ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். நாம் தேடும் மிகை ஒளி உச்சத்தில் இருப்பது 1 முதல் 3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரையில். 100 கோடி மடங்கு. இனிமேல் ஜி.இ.வி. என்று சுருக்கிக்கொள்கிறேன்.

புதியவர்கள் குழம்பும் இடம் இது. பால்வீதி மையத்திலிருந்து புரியாத ஒளி என்று வேறு சிலவும் உண்டு. 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) எலக்ட்ரானோடு மோதி அழியும்போது வரும் ஒளி ஒன்று. அதை 1970களிலிருந்தே தெரியும். மையத்துக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு வரை ஊதி நிற்கும் 'ஃபெர்மி குமிழிகள்' 2010இல் கண்டுபிடிக்கப்பட்டவை. நமீபியாவின் 'ஹெஸ்' தொலைநோக்கிகள் பார்க்கும் டெரா அளவு ஒளி இன்னொன்று. நம் விஷயம் இவை எதுவும் இல்லை. மையத்தைச் சுற்றி ஏறக்குறைய 10 டிகிரி வரை, வெளியே போகப்போக மங்கிக்கொண்டு பரவியிருக்கும் ஜி.இ.வி. ஒளி அது. மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு முஷ்டி தூரம். பாயில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் பரப்பு இப்போது புரியும். மூலமே அதன் ஓரத்துக்குள் வந்துவிடும்!

காமா கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் விண்வெளியில் இருந்து பார்க்க வேண்டும். 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மி விண்கலம்தான் நமக்குக் கண். அதில் இருப்பது கண்ணாடி லென்ஸ் இல்லை. இந்த ஒளியை எந்த லென்ஸும் வளைக்காது. 16 கோபுரங்கள், அவற்றுக்குள் மெல்லிய டங்ஸ்டன் தகடுகளும் சிலிக்கான் பட்டைகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். காமா துகள் டங்ஸ்டனில் பட்டு எலக்ட்ரானும் பாசிட்ரானுமாக உடையும். அந்த இரண்டும் போன தடத்தைச் சிலிக்கான் குறித்துக்கொள்ளும். தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் துகள் வந்த திசை, அடியில் இருக்கும் படிகங்களில் விழுந்த ஆற்றலைக் கூட்டினால் துகளின் ஆற்றல். அவ்வளவுதான் கருவி. ஆக, ஃபெர்மி படம் எடுப்பதில்லை. வந்த துகள் ஒவ்வொன்றுக்கும் நேரம், திசை, ஆற்றல் என்று வரி வரியாக ஏடு எழுதுகிறது. எனக்கு இது ரொம்பப் பழகிய வேலை.

அந்த ஏட்டில் ஒரு குறை உண்டு. 1 ஜி.இ.வி.யில் திசை சுமார் 0.8 டிகிரி அளவுக்கு மங்கலாக இருக்கும். முழு நிலவின் அகலமே அரை டிகிரிதான். மையத்தின் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 460 ஒளியாண்டுக்கும் மேல். அந்த அகலத்துக்குள் ஆயிரம் விளக்கு தனித்தனியாக எரிந்தாலும் ஃபெர்மிக்கு ஒரே வெளிச்சம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தரவை இறக்குவது

ஃபெர்மியின் துகள் ஏடு முழுவதும் பொதுச்சொத்து. நாசாவின் ஃபெர்மி அறிவியல் உதவி மையத்தின் தளத்தில் ஒரு படிவம் இருக்கும். காசு வேண்டாம், பட்டமும் வேண்டாம். திசைக்கு வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கரேகை) 266.4, நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை) −29.0 என்று போடுங்கள். ஆரம் 20 டிகிரி. ஆற்றல் 1 ஜி.இ.வி.யிலிருந்து 100 வரை. தொடக்க நாள் 2008 ஆகஸ்ட் 4. அறிவியல் தரவு அன்றிலிருந்துதான். முதலில் ஓர் ஆண்டுக்கு மட்டும் கேளுங்கள். ஆசைப்பட்டு எல்லா வருஷத்தையும் கேட்டால் கோப்பு பெரிதாகி, இங்கத்திய டேட்டா விலைக்குக் கட்டுப்படி ஆகாது.

இரண்டு வகைக் கோப்பு வரும். ஒன்று துகள் ஏடு. மற்றது விண்கலம் எந்த நொடியில் எங்கே பார்த்தது என்ற குறிப்பு. இரண்டும் வேண்டும். கலம் ஒரு திசையை எவ்வளவு நேரம் பார்த்தது என்று தெரியாமல் அங்கிருந்து வந்த துகள்களை எண்ணுவது, கடை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று கேட்காமல் கல்லாவை எண்ணுவது போல. நேரங்கள் 2001 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எழுதப்பட்டிருக்கும். பதற வேண்டாம், மாற்றித் தரும் கருவி அதே தளத்தில் இருக்கிறது.

மென்பொருளுக்கு 'ஃபெர்மிடூல்ஸ்' என்ற இலவசத் தொகுப்பு. லினக்ஸில் சுலபம், விண்டோஸ்காரர்கள் அதற்குள்ளே லினக்ஸை ஓட்டிக்கொள்ளலாம். பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

என் முதல் முயற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆசையாகக் கீழே 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்தே எடுத்துப் படம் வரைந்தேன். படத்தின் ஒரு பக்கம் பளிச்சென்று கூடுதல் வெளிச்சம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டு நாள் தூக்கம் இல்லை. பார்த்தால் அது பூமி. காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள், நம் காற்றுமண்டலத்தில் மோதும்போதும் காமா கதிர் பிறக்கும். ஃபெர்மியிலிருந்து பார்த்தால் பூமியின் விளிம்பு பட்டாசு மாதிரி எரியும். அதை வெட்டி எறிய, உச்சிக்கோணம் (கலத்துக்கு நேர் மேலிருந்து அளக்கும் கோணம்) 90 டிகிரிக்கு மேல் வந்த துகள்களை நீக்கு என்று ஒரு வரி போட வேண்டும். அந்த வரியை நான் போடவில்லை. நீங்கள் போடுங்கள்.

இன்னொரு அறிவுரை, இதைக் கேட்டால் ஆறு மாதம் மிச்சம்: முதல் பயிற்சிக்கு மையத்தைத் தொடவே தொடாதீர்கள். 47 டுகானே என்ற கோளக் கொத்தை எடுங்கள். சுமார் 15,000 ஒளியாண்டு தூரத்தில் லட்சக்கணக்கான பழைய நட்சத்திரங்களின் உருண்டை அது. சென்னையில் அடிவானத்துக்கு மேல் 5 டிகிரிதான் எழும்பும். டர்பனில் 48 டிகிரி. ஐப்பசியில், தீபாவளிப் புகை அடங்கிய ராத்திரியில், சிறிய மகல்லன் மேகத்தின் பக்கத்தில் மங்கலான ஒரு நட்சத்திரம் போல வெறும் கண்ணுக்கே தெரியும். அதிலிருந்து காமா கதிர் வருவதை ஃபெர்மி 2009இல் காட்டியது. அந்த ஒளியைத் தருவது மில்லிசெகண்ட் பல்சர்கள், அதாவது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் செத்த நட்சத்திரங்கள். பின்னணி சுத்தமாக இருக்கும், விடையும் முன்பே தெரியும். சைக்கிள் பழக மைதானம் வேண்டும், யாரும் நெடுஞ்சாலையில் பழகுவதில்லை.

கழித்தல்தான் வேலை

இப்போது மையம். படத்தை வரைந்தால் மிகை ஒளி எதுவும் கண்ணில் படாது. பால்வீதித் தளம் முழுவதும் குறுக்கே ஒரு தடித்த வெளிச்சப் பட்டையாக ஓடும். அதில் பெரும்பகுதி, காஸ்மிக் கதிர் புரோட்டான்கள் வாயு மேகங்களில் மோதிப் பையான்கள் என்ற நிலையில்லாத துகள்கள் பிறந்து, அவை உடைந்து வரும் ஒளி. அடுத்து, வேக எலக்ட்ரான்கள் நட்சத்திர ஒளியை உதைத்துக் காமாவாக ஏற்றிவிடுவது. பிறகு, பெயர் தெரிந்த தனி மூலங்கள். அப்புறம் ஃபெர்மி குமிழிகள். அதற்கும் மேல், எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும் தொலைதூர ஒளி. இவ்வளவையும் மாதிரியாகச் செய்து, கூட்டி, தரவோடு பொருத்த வேண்டும். எவ்வளவு பொருத்தினாலும் மையத்தைச் சுற்றிக் கொஞ்சம் மிஞ்சும். மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த மிச்சம்தான் கதாநாயகன்.

லிசா குடினஃப், டான் ஹூப்பர் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 2009இல் இதைத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள், ஃபெர்மி குழுவே உட்பட, வேறு வேறு வழியில் கழித்துப் பார்த்தன. மிச்சம் இருக்கிறது என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. அதன் வடிவம், அளவு, தன்மை இவற்றில்தான் சண்டை.

ஏன் என்று கணக்குக்காரனாகச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி ஒரு கடையில் கல்லாவை எண்ணுகிறோம். 1,000 ரேண்ட் இருக்கிறது. 900க்குக் கணக்கு உண்டு. 100 ரேண்ட் யாருடையது? இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால், அந்த 900 சரியாக 900 என்று முதலில் தெரிய வேண்டும். அதில் 50, 60 முன்னே பின்னே இருக்கலாம் என்றால், 100 ரேண்டின் முகத்தை வைத்துத் திருடனைக் கண்டுபிடிக்க முடியாது. வாயு மேகங்கள் மையத் திசையில் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. எது எவ்வளவு தூரத்தில் என்று பிரிப்பதே கஷ்டம், மையத்தின் திசையில் அவற்றின் வேகத்தை வைத்துத் தூரம் சொல்லும் வழக்கமான வழியும் வேலை செய்யாது. 900இன் நிலைமை இதுதான்.

புதியவர்கள் விழும் பெரிய பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது, யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஃபெர்மி தளத்தில் தயாராகப் பின்னணி வரைபடம் கிடைக்கும். எல்லாப் பயிற்சிகளும் அதைத்தான் பயன்படுத்தச் சொல்லும். ஆனால் அது தனித்தனிப் புள்ளி மூலங்களைத் தேடுவதற்காகச் செய்தது. அதைத் தயாரிக்கும்போதே, மாதிரியில் அடங்காத பரந்த வெளிச்சத்தின் ஒரு பகுதியையும் உள்ளே சேர்த்திருப்பார்கள். அதை வைத்துக் கழித்தால், நீங்கள் தேடும் மிச்சத்தில் ஒரு பங்கை நீங்களே முன்கூட்டிக் கழித்துவிட்டீர்கள். சஸ்பென்ஸ் தொகையைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு ஏடு டேலி ஆகிவிட்டது என்று சந்தோஷப்படும் குமாஸ்தாவைப் போல. மிகை ஒளியைத் தேடுகிறவர்கள், காஸ்மிக் கதிர் பரவலைக் கணக்கிட்டுத் தனியாகச் செய்த பின்னணி மாதிரிகளைப் பயன்படுத்த வேண்டும், அதுவும் ஒன்றோடு நிறுத்தக்கூடாது. நான் மூன்றை வைத்துப் பார்த்தேன். மிச்சம் மூன்றிலும் இருந்தது. உருவம் மூன்றிலும் வேறு.

பால்வீதித் தளத்தை ஒட்டி மேலும் கீழும் 2 டிகிரியை மூடிவிட்டுப் பொருத்துவது வழக்கம். அங்கே பின்னணி தாங்க முடியாத அளவு அடர்த்தி. முகமூடி போட்டும் போடாமலும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு கட்சிகள்

ஒரு கட்சி கரும்பொருள் (டார்க் மேட்டர்: ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே இருப்பது தெரியும் பொருள்) என்கிறது. புரோட்டானைப் போல 30லிருந்து 60 மடங்கு வரை எடையுள்ள, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மையத்தில் அடர்ந்திருக்கின்றன, ஒன்றோடொன்று மோதி அழிகின்றன, அந்தச் சிதறலில் காமா பிறக்கிறது என்பது வாதம். அழகு என்னவென்றால், அதற்குத் தேவையான மோதல் வேகம், பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து இன்றைய அளவு கரும்பொருள் மிஞ்சத் தேவையான வேகத்தோடு ஒத்துப்போகிறது. இது தற்செயலா என்று கேட்டால் யாருக்கும் கொஞ்சம் புல்லரிக்கும். ஆனால் அதே துகள்கள் நம் பால்வீதியைச் சுற்றும் குட்டிக் குறு நட்சத்திர மண்டலங்களிலும் நிறைய இருக்க வேண்டும். அங்கே நட்சத்திரச் சத்தம் குறைவு, கரும்பொருள் தூக்கல். ஃபெர்மி வருஷக்கணக்காகப் பார்த்தும் உறுதியான ஒளி ஒன்றும் அங்கிருந்து வரவில்லை.

மறு கட்சி மில்லிசெகண்ட் பல்சர்கள் என்கிறது. செத்துப்போன நட்சத்திரத்தின் கரு, ஒரு நகரத்தின் அகலம், சூரியனைவிடக் கூடுதல் எடை. பக்கத்துத் துணை நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்து இழுத்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றும் வேகத்துக்கு வந்துவிடும். இவை தரும் காமா ஒளியின் ஆற்றல் பரவல், மையத்தின் மிச்சத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. ஃபெர்மி இதுவரை ஏறக்குறைய 300 காமா பல்சர்களைக் கண்டிருக்கிறது, பாதி இந்த வகை. மையத்தின் வீக்கப் பகுதியில் பழைய நட்சத்திரங்கள் நிறைய. அப்படியானால் அங்கே இவை ஆயிரக்கணக்கில் இருப்பதில் ஆச்சரியம் என்ன? எதிர்க்கேள்வி: ஆயிரக்கணக்கில் இருந்தால், அவற்றில் பிரகாசமான சில தனியாகத் தெரிய வேண்டாமா? இதே துணை நட்சத்திரக் குடும்பத்தில் பிறக்கும், எக்ஸ்ரே வீசும் இரட்டை நட்சத்திரங்கள் ஏன் அந்த அளவுக்கு அங்கே இல்லை?

முன்பு மையத்தில் நடந்த ஏதோ ஒரு பெரிய வெடிப்பில் கிளம்பிய காஸ்மிக் கதிர்கள் என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. கூட்டம் குறைவு.

எப்படித் தீர்ப்பது? ராத்திரியில் தூரத்திலிருந்து சாட்ஸ்வொர்த் குன்றுகளைப் பார்த்தால் ஒரே மஞ்சள் பூச்சு. வெளிச்சம் பூச்சுதானா, வீட்டுக்கு வீடு விளக்கா என்று கேட்கலாம். கரும்பொருள் என்றால் பூச்சு, பல்சர் என்றால் விளக்குகள். விளக்கைத் தனியாகப் பார்க்க முடியாவிட்டாலும், துகள்கள் விழும் விதத்தில் வித்தியாசம் இருக்கும். தகரக் கூரையில் தூறல் விழுவதற்கும், பிள்ளைகள் கைப்பிடி கைப்பிடியாகக் கூழாங்கல் எறிவதற்கும் உள்ள வித்தியாசம். 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்தச் சோதனையைச் செய்து, கூழாங்கல்தான் என்றன. பல்சர் கட்சி ஜெயித்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

2019இல் ரெபெக்கா லீன், டிரேசி ஸ்லேட்டயர் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்தது அதுதான். உண்மையான தரவுக்குள் பொய்யாகக் கொஞ்சம் கரும்பொருள் ஒளியைக் கலந்துவிட்டு, அதே கருவியைக் கொண்டு தேடிப் பார்த்தார்கள். கலந்ததை அந்தக் கருவி திருப்பித் தரவில்லை. அதையும் தூக்கிப் புள்ளி மூலங்களின் தலையில் கட்டியது. இத்தனைக்கும் ஸ்லேட்டயர், 2015இல் கூழாங்கல் என்று சொன்ன ஒரு குழுவில் இருந்தவர். தணிக்கைக்காரர்கள் கல்லாவில் ரகசியமாக 50 ரேண்ட் வைத்துவிட்டு ராத்திரிக் கணக்கில் வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே வேலைதான். 2020இல் புதிய மூலப் பட்டியலை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், கூழாங்கல்லுக்கான பழைய தடயமும் மெலிந்துபோனது.

வடிவத்தை வைத்தும் வழக்கு நடந்தது. கரும்பொருள் லட்டு மாதிரி உருண்டையாகப் பரவியிருக்கும். மைய வீக்கத்து நட்சத்திரங்களோ வேர்க்கடலை மாதிரி, நடுவில் இடுங்கிய பெட்டி. 2018இல் வந்த ஆய்வுகள் மிச்சம் வேர்க்கடலையோடு ஒத்துப்போகிறது என்றன. வேறு பின்னணி மாதிரியில் லட்டுதான் பொருந்துகிறது என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். 2025இல், பால்வீதி போன்ற மண்டலங்கள் வளர்ந்த விதத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்த ஒரு குழு, கரும்பொருளே அங்கே உருண்டையாக இல்லாமல் நசுங்கியிருக்கலாம் என்றது. வடிவச் சாட்சியும் அதோடு தள்ளாடுகிறது.

என் சாய்வைக் கேட்டால் பல்சர் பக்கம். காரணம் ஒன்றும் ஆழமில்லை. இருப்பது தெரிந்த பொருளை முதலில் சந்தேகப்படுவது கணக்குக்காரன் புத்தி.

இந்த நாட்டில் இருப்பதன் லாபம்

பல்சர் கட்சியின் வழக்கைத் தீர்க்கும் ஆள் தென்னாப்பிரிக்காவில் இருக்கலாம். வட கேப் மாகாணத்தில், கார்னர்வன் ஊருக்கு அப்பால் கரூ வறண்ட வெளியில் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி. 64 தட்டுகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர். 2018 ஜூலையில் திறந்து வைத்த அன்றே அவர்கள் வெளியிட்ட படம் பால்வீதி மையத்துடையது. 2022இல் இன்னும் தெளிவாக ஒன்று: மையத்தைச் சுற்றி நூல் நூலாகத் தொங்கும் ரேடியோ இழைகள் ஆயிரத்துக்குப் பக்கம். அதை இறக்கி, பெரிய திரையில் போட்டு, நிதானமாகப் பாருங்கள். இதில் நீங்கள் செய்யும் செலவில்லாத நல்ல காரியம் அதுவாக இருக்கும்.

காமாவில் பூச்சாகத் தெரிவதை ரேடியோவில் ஒவ்வொரு துடிப்பாகப் பிரித்தெடுக்க முடிந்தால் சண்டை முடிந்தது. மீர்கேட் 47 டுகானே உட்படப் பல கோளக் கொத்துகளில் புதிய பல்சர்களைக் கண்டிருக்கிறது. மைய வீக்கத்தில் அது கஷ்டம். தூரம் ஒரு தடை. இடையில் இருக்கும் மின்னூட்ட வாயு துடிப்பை இழுத்துத் தேய்த்துவிடுவது இன்னொரு தடை. நொடிக்கு 300 முறை துடிப்பது, வந்து சேரும்போது ஒரே முனகலாகிவிடும். அதே கரூவில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் எஸ்.கே.ஏ. (ஸ்கொயர் கிலோமீட்டர் அரே) என்ற ரேடியோ தொலைநோக்கி இன்னும் கூர்மையாகக் கேட்கும்.

நேரில் போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பகுதி சட்டப்படி ரேடியோ அமைதி மண்டலம், கைபேசிகூடத் தொந்தரவு. போகத் தோதான இடம் சதர்லேண்ட். சால்ட் தொலைநோக்கி இருக்கும் ஊர், முன்பதிவு செய்தால் பகலிலும் ராத்திரியிலும் சுற்றிக் காட்டுவார்கள். அது காமாவுக்கோ ரேடியோவுக்கோ சம்பந்தமில்லாத, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் தொலைநோக்கி. ஆனால் அந்த ஊர் இருட்டில் மூலத்தையும் கெண்டியையும் ஒருமுறை பார்த்தவர்கள் டர்பன் வானத்தைக் கண்டு சிரிப்பார்கள். ஜூலையில் போவதாக இருந்தால் கம்பளி இரண்டு. பனி விழும் ஊர்.

செய்தி வரும்போது

வருஷத்துக்கு இரண்டு முறையாவது 'கரும்பொருள் கிடைத்தது', 'கரும்பொருள் இல்லை' என்று செய்தி வரும். வாட்ஸ்அப்பில் யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள், இதையெல்லாம் நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்துவிட்டதால். செய்தியை விட்டுவிட்டு மூலக் கட்டுரையைத் தேடுங்கள். இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லாமே 'ஆர்க்கைவ்' தளத்தில் இலவசம். முதலில் தேட வேண்டியது, எத்தனை பின்னணி மாதிரிகளை வைத்துக் கழித்தார்கள் என்பது. ஒன்றே ஒன்று என்றால் மெதுவாகப் படிக்கலாம், அவசரமில்லை. அடுத்தது, பொய்க் காசு வைத்துச் சோதித்தார்களா என்பது. 2019க்குப் பிறகு வரும் கட்டுரையில் அந்தப் பகுதி இல்லையென்றால் நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

அதே சோதனையை நீங்களும் செய்யலாம். உங்கள் தரவில் உருண்டையான ஒரு பொய் மிகையைக் கலந்து, கழித்து, கலந்த அளவு திரும்புகிறதா என்று பாருங்கள். என் பழைய மடிக்கணினியில் ஒரு தடவை ஓட ஒரு ராத்திரி பிடிக்கிறது. போன ஜூலையில் ஓட்டியபோது, கலந்ததில் முக்கால்தான் திரும்பி வந்தது. மீதிக் கால் எந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.